நாலு பேருக்கு ஒரே பாஸ்வேர்ட்

இந்தப் பயிற்சியை முடித்துவிட்டு நீங்கள் எந்த வீட்டுக்குப் பழுதுபார்க்கப் போனாலும், காபி வருவதற்கு முன்பே இந்தக் கேள்வி வந்துவிடும். "ஏங்க, நாம பேசுறத இந்த போன் ஒட்டுக்கேக்குதா? நேத்துத்தான் மிக்ஸி வாங்கணும்னு பேசிக்கிட்டிருந்தோம். இன்னிக்குக் காலையில தொறந்தா மிக்ஸியா காட்டுது!" எனக்கு முழுசாகத் தெரியாது என்றுதான் நான் எப்போதும் சொல்வேன். அது உண்மையும்கூட. ஆனால் நாமே வலியப் போய் அதனிடம் எவ்வளவு சொல்கிறோம் என்பதை எந்த வீட்டிலும் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

நானும் என் கணவரும் ஸ்ரீரங்கத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தது உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். கடையை அவர் பார்த்துக்கொள்வார். வீடுகளுக்குப் போவது நான். பெண் என்றால் தயங்காமல் உள்ளே விடுவார்கள். பெட்டி பெட்டியாகக் கம்ப்யூட்டர் இருந்த காலத்தில் தொடங்கி, டிவியும் போனும் பேசத் தொடங்கிய பிறகும் ஸ்கூட்டரில் காவிரிப் பாலத்தைத் தாண்டி ஊரெல்லாம் சுற்றியிருக்கிறேன். இந்தத் தொழிலில் எதை எங்கே செருக வேண்டும் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதனால் ஒரு வீட்டில் நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். நீங்களும் வீட்டுக் கதை எதையாவது வெளியே சொல்ல நேர்ந்தால் மாற்றித்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விஷயம். நான் முதலில் வேலை பார்த்த கடையில் ஒரு சீனியர் இருந்தார். வாடிக்கையாளர் பாஸ்வேர்ட் அடிக்க ஆரம்பித்தால் எழுந்து போய்விடுவார். சுவரில் தினசரி காலண்டர் இருந்தால் அதைப் படிப்பார். நல்ல நேரம், எமகண்டம், அடியில் அச்சடித்திருக்கும் பழமொழி எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டுத்தான் திரும்புவார். ஏன் என்று ஒருநாளும் விளக்கியதில்லை. பார்த்துப் பார்த்து நானும் பழகிக்கொண்டேன். எந்தக் கிழமைக்கு எது ராகு காலம் என்பது எனக்கு மனப்பாடம் ஆனது பக்தியால் அல்ல.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, தங்கராசு என்பவரிடமிருந்து போன் வந்தது. எடமலைப்பட்டி புதூரில் வீடு. மதுரை ரோட்டில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருப்பவர். சொந்த ஊர் துறையூர்ப் பக்கம். வையம்பட்டி, மணப்பாறை விவசாயிகள் எல்லாம் மோட்டார் வாங்க அவரிடம்தான் வருவார்கள். அவர் கடைக் கம்ப்யூட்டரை முன்பு நான் சரிசெய்து கொடுத்திருக்கிறேன். உரக்கப் பேசுகிற, எதற்கும் சிரிக்கிற மனிதர். அன்று குரலில் சிரிப்பு இல்லை.

"மேடம், டிவிக்கு வைரஸ் வந்துருச்சுங்க. என்னென்னமோ காட்டுது. வந்து அழிச்சுட்டுப் போங்க."

"என்னென்னமோன்னா என்ன சார்?"

"வந்து பாருங்களேன்."

போனேன். வீட்டில் நாலு பேரும் இருந்தார்கள். தங்கராசு, அவர் மனைவி மல்லிகா, மகன் பிரபு, மருமகள் கவிதா. பிரபு அப்பாவோடு கடையைப் பார்க்கிறார். கவிதா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர்.

டிவியைப் போட்டுக் காட்டினார்கள். வழக்கமாக அவர்கள் பார்க்கும் மோட்டார் வீடியோ, சமையல், சீரியல், உபன்யாசம் எல்லாம் இருந்தன. அவற்றுக்கு நடுவே வரிசையாக வெள்ளைக் கோட்டு டாக்டர்கள். 'கட்டியை அலட்சியம் செய்யாதீர்கள்.' 'இந்த அறிகுறி இருந்தால் உடனே கவனியுங்கள்.' ஒவ்வொரு படத்திலும் நெஞ்சில் கைவைத்தபடி ஒரு பெண்.

"யாரோ ஹேக் பண்ணிட்டாங்க மேடம்" என்றார் பிரபு. வீட்டுக்குள்ளும் தொப்பி போட்டிருந்தார். "எங்க வீட்ல யாரும் இதெல்லாம் பாக்கறதில்ல."

"சாப்பிட உக்காந்தா இதுதாங்க வருது. சோறு எறங்க மாட்டேங்குது" என்றார் மல்லிகா.

தங்கராசு வாசல் நிலையில் சாய்ந்து நின்றபடி, "எல்லாத்தையும் துடைச்சு எடுத்துடுங்க" என்றார்.

நான் வழக்கமான கேள்வியைக் கேட்டேன். டிவியில் யாருடைய அக்கவுண்ட் போட்டிருக்கிறீர்கள்? பிரபு பெருமையாகச் சொன்னார். "எல்லாருக்கும் ஒண்ணுதான் மேடம். நாலு போனு, டிவி, எல்லாத்துக்கும் ஒரே அக்கவுண்டு, ஒரே பாஸ்வேர்ட். யாரும் மறந்துட்டு எங்கிட்ட வந்து நிக்க வேணாம் பாருங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. வைரஸும் இல்லை, ஹேக்கும் இல்லை. இந்த வீட்டில் யாரோ ஒருவர் தம் போனிடம் எதையோ கேட்டிருக்கிறார். எல்லாம் ஒரே அக்கவுண்ட் என்பதால் டிவி அதை மறக்காமல் கூடத்தில் வைத்துக் காட்டுகிறது. அவ்வளவுதான். இதைச் சொல்ல வாயைத் திறந்துகொண்டே ரிமோட்டில் தேடும் இடத்தைத் திறந்தேன். முன்பு கேட்டவை எல்லாம் வரிசையாக இறங்கின. நடுவில் ஒரு வரி. எழுதியது அல்ல, வாயால் சொல்லிப் பதிவானது.

'மார்ல கட்டி இருக்கு வலிக்கல பயப்படணுமா.'

என் விரல் தானாகவே பின்னால் போகும் பொத்தானை அழுத்தியது.

"என்னமோ வந்துச்சே மேடம், என்னது அது?" என்றார் பிரபு.

"பழசெல்லாம்ங்க. ஒண்ணுமில்ல."

வேறு யாராவது படித்தார்களா? பிரபுவின் கண் பாதி அவர் போனில் இருந்தது. மல்லிகா கண்ணாடி போடவில்லை. கவிதா அப்போதுதான் காபித் தட்டோடு வந்தார். தங்கராசு டிவியையே பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேலையை ஒழுங்காகச் செய்கிறேனா என்று பார்க்கிறார் போல, என்று நினைத்துக்கொண்டேன்.

காபியை வாங்கி, அது ஆறும் சாக்கில் கொஞ்சம் யோசித்தேன். இந்த மாதிரி நேரத்தில் உங்களுக்குக் கிடைப்பதும் அந்த அளவு அவகாசம்தான்.

வைரஸ் இல்லை, வீட்டில் ஒருவர் கேட்டதுதான் என்று உண்மையைச் சொன்னால் அடுத்த கேள்வி, "யாரு?" என்பதுதான். கூடத்தில் நிற்க வைத்து விசாரணை நடக்கும். மறைத்து வைத்திருப்பவர் இன்னும் ஆழமாக மறைப்பார். சரி, சொன்னபடி எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கிளம்பினால்? டிவி சுத்தமாகிவிடும். அந்தக் கேள்வியும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். கேட்டவர் தனியாக அதைச் சுமந்துகொண்டு திரிவார். வலிக்காத கட்டி என்பது என்ன என்று எனக்கு மருத்துவம் தெரியாது. ஆனால் என் தூரத்துச் சொந்தத்தில் ஒருவர் கடைசிவரை யாரிடமும் சொல்லாமலே இருந்ததைப் பார்த்தவள் நான்.

எந்தப் போனில் கேட்டது என்று அந்தப் பதிவில் இல்லை. மார்பில் கட்டி என்றதும் என் மனம் இரண்டு பேரை மட்டும்தான் எடுத்துக்கொண்டது. மல்லிகாவா, கவிதாவா? மல்லிகா அடிக்கடி முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார். அவர்தான் என்று உள்ளூர முடிவே செய்துவிட்டேன்.

அப்போது ஒரு பொய் சொன்னேன். "ஒரே அக்கவுண்டா இருக்கறதுதாங்க பிரச்சினை. எல்லாருக்கும் தனித்தனியாப் போட்டுத் தரேன். ஆனா ஒருத்தர் பாஸ்வேர்ட் இன்னொருத்தருக்குத் தெரியக் கூடாது. அதனால முன்னறையில ஒவ்வொருத்தரா வாங்க. மத்தவங்க கூடத்துலயே இருங்க. இதெல்லாம் இப்ப கட்டாயம்." அப்படி ஒரு கட்டாயமும் எங்கும் இல்லை. அந்த நிமிடம் உண்டானதுதான்.

இரண்டு பெண்களை மட்டும் தனியாகக் கூப்பிட்டால் ஆண்கள் ஏன் என்று கேட்பார்கள். ஆகவே நாலு பேரையும் கூப்பிடுவது, நாலு பேரிடமும் ஒரே வார்த்தையைச் சொல்வது, எதைப் பார்த்தேன் என்பதை மட்டும் சொல்லாமல் விடுவது என்று தீர்மானித்தேன். உரியவருக்குப் புரியும். மற்றவர்களுக்கு ஒன்றும் புரியாது. இப்படி நினைத்தேன். அது எவ்வளவு வெகுளித்தனம் என்பது முதல் ஆள் வந்து உட்கார்ந்ததுமே தெரிந்தது.

முதலில் கவிதா. அக்கவுண்டைப் போட்டுக் கொடுத்துவிட்டுச் சொன்னேன். "டிவியப் பாக்கும்போது, இந்த வீட்டுப் போன்ல கேட்டது ஒண்ணு என் கண்ணுல பட்டுச்சுங்க. யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா அது போன்கிட்ட கேக்குற விஷயமில்ல. கேக்க வேண்டியவங்ககிட்ட நேர்ல போய்க் கேட்டுடுங்க."

கவிதாவின் முகம் வெளுத்தது. எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "வீடு பாத்ததுதானே மேடம்? ஸ்ரீரங்கத்துல, ஸ்கூலுக்குக் கிட்ட, அம்மா மண்டபம் பக்கத்துல வாடகைக்குப் பாத்தேன். தனிக்குடித்தனம்னு நெனச்சுடாதீங்க. ரெண்டு பஸ் மாறி ஸ்கூலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள உயிர் போகுது. அத்தைகிட்ட எப்படிக் கேக்குறதுன்னு தெரியல."

நான் பார்த்தது அது இல்லை என்று சொல்லியிருந்தால் பின் எது என்ற கேள்வி வரும். "நேர்லயே கேட்டுடுங்கம்மா" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து பிரபு. அதே வார்த்தைகள். அவர் மெதுவாகத் தொப்பியைக் கழற்றினார். "முடி நடுறதப் பத்திக் கேட்டதா மேடம்? சென்னைக்குப் போகணுங்கறாங்க. பக்கவிளைவு இருக்குமோன்னு பயமா இருக்கு. அப்பாவுக்குத் தெரிஞ்சா கடையில நிக்க வெச்சுச் சிரிப்பார்." சிரிப்பு வந்ததை அடக்கிக்கொண்டு, நல்ல தோல் டாக்டராகப் பார்த்து நேரில் கேட்கச் சொன்னேன்.

எனக்கு ஒரு பக்கம் வேடிக்கையாகவும் ஒரு பக்கம் பயமாகவும் இருந்தது. ஒரு கூரை, ஒரு பாஸ்வேர்ட். எவர் வேண்டுமானாலும் எவருடையதையும் பார்த்திருக்கலாம். யாரும் பார்க்கவில்லை! பூட்டாத பெட்டிக்குள் ஆளாளுக்கு ஒன்றை ஒளித்து வைத்திருந்தார்கள்.

மூன்றாவதாக மல்லிகா வந்தார். அவரிடம் மட்டும் நிதானமாக, கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவருக்கு. சரிதான், இவர்தான் என்று நினைத்தேன்.

"ஆமாங்க, நாந்தான் கேட்டேன்" என்றார். "புருஷன் பேச்சக் கொறச்சுட்டா என்ன அர்த்தம்னு கேட்டேன். வேற யாருகிட்டப் போய்க் கேக்குறது?"

"சாரா? அவர் பேசாம இருக்காரா?"

"முந்தி மாதிரி இல்லீங்க. எதுக்கெடுத்தாலும் எரிச்சல். கல்யாணமான நாள்லேர்ந்து சனிக்கிழமையானா நாந்தான் அவருக்கு எண்ணெய் தேய்ச்சு விடுவேன். இப்பல்லாம் வேணாங்கறார். கதவச் சாத்திக்கிட்டுக் குளிக்கிறார். இந்த வேக்காட்டுலயும் சட்டையக் கழட்டாமப் படுக்குறார். நான் என்ன தப்பு பண்ணேன்னே தெரியல."

நான் அவர் கையை விட்டேனா, பிடித்தபடியே இருந்தேனா என்று நினைவில்லை. கூடத்தில் ரிமோட்டைப் பிடித்திருந்தபோது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்த அந்தக் கண்கள்தான் நினைவுக்கு வந்தன.

தங்கராசு வர மறுத்தார். "எனக்கெதுக்குங்க தனி அக்கவுண்டு? இருக்கறதே போதும்." சத்தியமாகச் சொல்கிறேன், மல்லிகா பேசுவதற்கு முன்பு அவர் இதைச் சொல்லியிருந்தால், சரி சார் என்று பையை மூடிக்கொண்டு கிளம்பியிருப்பேன். இப்போது விடவில்லை. "ஒருத்தர் பாக்கி இருந்தாலும் டிவி சரியாகாது சார்" என்றேன்.

வந்து உட்கார்ந்தார். போனைக் கவிழ்த்து வைத்தார். நான் ஆரம்பித்தேன். "டிவியப் பாக்கும்போது ஒண்ணு என் கண்ணுல—"

"பாத்துட்டீங்கன்னு தெரியுங்க" என்றார்.

"யாருகிட்டயும் சொல்ல மாட்டேன் சார்" என்றேன். வெளியே மதுரை ரோட்டு பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போயிற்று.

பிறகு தலையைத் தூக்காமலே கேட்டார். "ஆம்பளைக்கும் வருமாங்க அது?"

எனக்கு அப்போது தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்லி அவரைத் தேற்றியிருக்கலாம். வராது சார், சும்மா கொழுப்புக் கட்டியாக இருக்கும் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. அதைச் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாக எழுந்து போயிருப்பார், எங்கும் போய்க் காட்டியிருக்க மாட்டார். "தெரியலீங்க சார். எனக்கு டிவியும் போனும்தான் தெரியும்" என்றேன்.

"அதுகிட்டயும் கேட்டுப் பாத்தேன். எந்த வீடியோவப் போட்டாலும் 'சகோதரிகளே'ன்னு ஆரம்பிக்கிறாங்க. இத எந்த டாக்டர்கிட்டக் கொண்டுபோய்க் காட்டுறது? பொம்பளை டாக்டர்கிட்டயா? மோட்டார் கடைக்காரன் மார்ல கட்டின்னு போய் நின்னா ஊரு என்னங்க பேசும்? சரி, கேக்குறதையே விட்டுடலாம்னு விட்டேன். அது என்னைய விட மாட்டேங்குது. வீட்டுக்கு வந்தா டிவியில வந்து நிக்குது, மருமகப்பொண்ணு முன்னாடி. அதான் வைரஸ்னு சொல்லி உங்களக் கூப்பிட்டேன்." கவிழ்த்து வைத்த போனை என் பக்கம் தள்ளினார். "அழிச்சுட்டாப் போயிடுமாங்க?"

"டிவியில போயிடும் சார்."

அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினார்.

"பொதுவா ஒரு சர்ஜன்கிட்டக் காட்டுங்க. முதல்ல வீட்ல சொல்லுங்க."

"மல்லிகாகிட்டயா? அவ தாங்க மாட்டாங்க. அவளுக்கு எதுவும் தெரியாது. தெரியாமலே இருக்கட்டும்."

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். அவளுக்கு எதுவும் தெரியாது என்கிறார் இவர். என்ன தப்பு செய்தேன் என்று அழுதுவிட்டுப் போயிருக்கிறார் அவர். இரண்டு பேருக்கும் நடுவே ஒரு சுவர்தான். சுவருக்கு இந்தப் பக்கம் ஒருவரின் ரகசியம், அந்தப் பக்கம் மற்றவருடையது. இரண்டும் என்னிடம். சொல்ல மாட்டேன் என்று இருவருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அவர் போனில் புது அக்கவுண்டைப் போட்டேன். பாஸ்வேர்ட் அடிக்கச் சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டேன். முன்னறையில் காலண்டர் இல்லை. ஜன்னலைப் பார்த்தேன். அப்படி அவருக்கு முதுகு காட்டியபடியே சொன்னேன்.

"வர்ற சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக்கோங்க சார்."

அடிக்கும் சத்தம் நின்றது. நான் திரும்பிப் பார்த்தபோது அவர் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டிருந்தார்.

நான் செய்தது சரியா? மல்லிகா சொன்னதில் ஒரு துளி அந்த வார்த்தைக்குள் இருந்தது. ஆகவே வாக்கை மீறினேன் என்று ஒருநாள் தோன்றும். சொல்லவே இல்லையே என்று இன்னொரு நாள் தோன்றும். இன்றைக்கும் எனக்கு விடை கிடைக்கவில்லை. உங்களுக்கு ஏதாவது தோன்றினால் சொல்லுங்கள், உண்மையாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறேன். தெளிவாகத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அந்த வரியைப் பார்த்த கணத்தில் நான் ஊகித்தது தப்பு. கிட்டத்தட்ட அந்த ஊகத்தோடுதான் வீட்டுக்குப் போக இருந்தேன். நாலு பேரையும் ஒரே மாதிரி நடத்தியதால் தப்பித்தேன். கெட்டிக்காரத்தனத்தால் அல்ல. நீங்களும் ஒரு போனைப் பார்த்துவிட்டு இது இன்னாருடையது, இவர் இப்படிப்பட்டவர் என்று முடிவு கட்டாதீர்கள்.

அடுத்த வாரம் மல்லிகா போன் செய்தார். சனிக்கிழமை காலையில் தங்கராசு தானாகவே எண்ணெய்க் கிண்ணத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டு மணையில் உட்கார்ந்தாராம். முதுகில் தேய்த்த பிறகு, "முன்னாடியும் தேய்" என்று மார்பை மூடியிருந்த துண்டை விலக்கினாராம். கையில் அது தட்டுப்பட்டதும் மல்லிகா எதுவும் கேட்கவில்லையாம். தேய்த்து முடித்து, வெந்நீர் ஊற்றிவிட்டு, புடவை மாற்றிக்கொண்டு வந்து, "கெளம்புங்க" என்றாராம்.

அந்த நோய்தான். அபூர்வமாக ஆண்களுக்கும் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பரவுவதற்கு முன்பே வந்துவிட்டீர்கள் என்றும் சொல்லியிருக்கிறார். ஆபரேஷனும், அதற்குப் பிறகு நீண்ட சிகிச்சையும். இளைத்துப் போனார், கடைக்கு வராமல் இருந்தார், பிறகு வந்தார். இப்போது மதுரை ரோட்டுப் பக்கம் போனால் அவர் குரல் கடைக்கு வெளியே கேட்கும். கவிதா வீட்டில் கேட்டுவிட்டார். மாமனார் உடம்பு தேறியதும் அவரும் பிரபுவும் அம்மா மண்டபம் பக்கத்திலேயே வீடு பார்த்துக் குடிபோனார்கள். பிரபு முடி நடவில்லை, தொப்பியையும் விடவில்லை.

ஆஸ்பத்திரியில் முதல் நாள் நடந்ததை மல்லிகா பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னார். காத்திருக்கும் இடம் முழுக்கப் பெண்களாம். துணைக்கு வந்த ஆண்கள் ஓரமாக நின்றார்களாம். இவர்கள் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். நர்ஸ் வந்து சீட்டிலிருந்த பேரைச் சரியாகப் பார்க்காமல் மல்லிகாவிடம், "வாங்கம்மா, உங்க முறை. சார், நீங்க இங்கயே இருங்க" என்றிருக்கிறார். மல்லிகாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று தானே எழுந்து உள்ளே போய்விடலாமா என்றுகூட நினைத்தாராம்.

தங்கராசு அவர் தோளைத் தொட்டு உட்கார வைத்துவிட்டு எழுந்திருக்கிறார். கடையில் பேசுகிற அதே குரலில், அங்கே இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "அவங்க இல்லம்மா, நாந்தான்" என்றாராம்.